தெளிவான படம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் மனைவி ரேவதி சொல்வாள், கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆதார் கார்டின் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே திட்டு வாங்கித் திரும்பி வந்து என்னிடம் சண்டை பிடிப்பார்கள். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது என்னுடைய இன்னொரு வேலையைப் பற்றி. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நாலு பேர் என்னை ‘முருகவேல் சார்’ என்று கூப்பிட்டது அந்த வேலையால்தான்.

‘ஊர்வன பறப்பன’ என்று ஒரு வாட்ஸப் குரூப். ஆரம்பித்தவன் நான். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் கரம்பு, கொல்லை எல்லாம் பிளாட்டாகி வீடு வந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் படியில் உடும்பு நிற்கும். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் நட்டுவாக்காலி இருக்கும். மோட்டார் ரூமில் சாரை படுத்திருக்கும். பார்த்ததும் கட்டையைத் தூக்குவார்கள். கட்டையைக் கீழே போடுங்கள், எனக்குப் படம் அனுப்புங்கள், அது என்னவென்று நான் சொல்கிறேன் என்றேன். ‘அடிக்காதே, படம் எடு’ என்பது குரூப்பின் முதல் விதி. இரண்டாவது விதியும் நான் போட்டதுதான். பாம்பென்றால் தலை, நடு உடம்பு, வால் என்று மூன்று படம் வேண்டும். தெளிவாக இருந்தால்தான் பதில் சொல்வேன்.

நான் படித்தது பிளஸ் டூ. பாம்பு, பூரான், ஆந்தை எல்லாம் எட்டு வருஷமாக நானே தேடித் தேடித் தெரிந்துகொண்டவை. அதனால் படிப்பில் பெரியவர்கள் என்னிடம் வந்து கேட்கும்போது மனசு குளிர்ந்து போகும். பொய் சொல்வானேன், அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் அவ்வளவும் செய்தேன்.

குமரேசன் பிளம்பர். அடி அண்ணாமலைக்காரன். முப்பத்தெட்டு வயசு. மனைவி சரசு, பத்தாவது படிக்கிற பெண் நந்தினி, அவ்வளவுதான் குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கடைக்குப் பின்னால் பைப் மாற்ற வந்தவன், ஒரு சாரையைப் பார்த்து ஸ்பேனரை ஓங்கினான். நான் போட்ட சத்தத்தில் ஸ்பேனரும் விழுந்தது, சாரையும் ஓடிப்போனது. அன்றைக்கே குரூப்பில் சேர்ந்தவன், அதன் பிறகு என்னை விடவே இல்லை. புது வீடு, தண்ணித் தொட்டி, மீட்டர் பெட்டி என்று இண்டு இடுக்கெல்லாம் நுழைகிறவன் ஆயிற்றே, அவன் பார்க்காத ஜந்து இல்லை.

ஆனால் படம் எடுக்கத் தெரியாது. விரல் பாதி மறைத்திருக்கும். இல்லாவிட்டால் ஆடியிருக்கும். ஒரு தடவை பறக்கிற ஆந்தை என்று அனுப்பினான், பார்த்தால் சிமெண்ட் மூட்டை. யாராவது நல்ல படம் அனுப்பினால் அதைக் குரூப்பில் போட்டுக் கீழே எடுத்தவர் பெயரை எழுதுவேன். இரண்டு வருஷத்தில் ‘படம்: குமரேசன்’ என்று ஒரு தடவைகூட வந்ததில்லை.

“என் பேரு எப்பணா போடுவ?” என்று கேட்பான்.

“நீ மொதல்ல வெரல எட்றா. அப்புறம் பேரு போடலாம்” என்பேன். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

போன ஐப்பசியில் எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. ஒரு வீட்டிலிருந்து வந்த படத்தைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் அலறிப்போய் இரண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில் கிடந்தது. குரூப்பில் அறிவுச்செல்வன் என்று ஒருவர் இருக்கிறார், கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ‘இது மண்ணுளி. விஷமே கிடையாது. வாலைப் பாருங்கள், மொட்டையாக இருக்கிறது’ என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார். இரண்டுக்கும் உடம்பில் பழுப்புத் திட்டுகள் இருக்கும், மங்கலான படத்தில் யாருக்கும் தடுமாறும். ஆனால் பதினேழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அந்தப் பதினேழு பேரும் யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். அதிலிருந்து ஒரு முடிவோடு இருந்தேன். இனிமேல் சந்தேகமறத் தெரியாமல் வாயைத் திறப்பதில்லை.

கார்த்திகை தீபம் முடிந்து பத்து நாள் இருக்கும். திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். கடையில் நிற்க இடமில்லை. ஒரு மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. பத்து இருபதுக்குக் குமரேசனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவன் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்த பாதி கட்டிய வீடு, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் பைப்புகள், அவற்றுக்கு நடுவே வெயிலில் ஒரு பாம்பின் நடு உடம்பு. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. வழக்கம்போல ஆடியிருந்தது.

பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. வரிசையாகத்தான் தெரிந்தன. மார்கழிக் குளிரில் காலை வெயிலுக்கு வெளியே வந்து படுப்பது விரியனின் வழக்கம். பத்துக்கு எட்டு அது விரியன்தான் என்று எனக்குத் தோன்றியது. பத்துக்கு எட்டு என்றால் போதாதா? ‘தள்ளிப் போடா, கிட்ட நிக்காத’ என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அந்த மீதி இரண்டு தேவைப்பட்டது. மறுபடியும் மண்ணுளியாக இருந்துவிட்டால் அந்த வாத்தியார் முகத்தில் எப்படி விழிப்பது? போனை வாய்க்கருகே பிடித்து, தலை தெரிகிற மாதிரி கிட்டே போய் ஒழுங்காக இன்னொரு படம் எடு என்று குரல் பதிவு அனுப்பினேன்.

பத்து முப்பத்தெட்டுக்கு வந்தது பாருங்கள் ஒரு படம்! முக்கோணத் தலை, கழுத்துக்குக் கீழே மூன்று வரிசைச் சங்கிலித் திட்டு, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம். செதில் செதிலாக எண்ணலாம். கண்ணாடி விரியனேதான். குமரேசன் எடுத்ததா இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கீழே ஒரு குரல் பதிவும் இருந்தது. கடையில் இருந்த இரைச்சலில் அதை யார் கேட்பது? படத்தைக் குரூப்புக்கு அனுப்பி, ‘கண்ணாடி விரியன். கடும் விஷம். அடையாளங்களைத் தெளிவாகப் பாருங்கள். படம்: குமரேசன்’ என்று எழுதினேன்.

கட்டைவிரல்களும் கைதட்டல்களும் குவிந்தன. அறிவுச்செல்வனே ‘அருமை, சரியான அடையாளம்’ என்று எழுதினார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நடுவில் குமரேசன் இரண்டு தடவை போன் செய்தான். பாராட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து இரண்டு தடவையும் கட் பண்ணினேன். பேப்பர் சிக்கலை எடுத்தேன். பதினாலு பேருக்கு நகல் போட்டுக் கொடுத்தேன்.

பதினொன்று ஐந்துக்கு மறுபடியும் போனைத் திறந்தேன். அத்தனை கட்டைவிரல்களுக்கும் கீழே குமரேசன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்.

‘அண்ணா அது என்னைக் கடிச்சிட்டுது’

அதன் பிறகுதான் அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். “ணா, தலை தெரியணும்னு பைப்ப நவுத்தனேன், கைல கடிச்சிட்டுதுணா. படம் அனுப்பிக்கிறேன், இன்னா பாம்புனு பாத்து சொல்லுணா. தெரிஞ்சாதான ஆஸ்பத்திரில ஊசி போடுவாங்க. நீ சொல்ற வரைக்கும் இங்கதான் உக்காந்துனு இருக்கேன்.” நடுவில் பாம்பு சீறுகிற சத்தமும் கேட்டது, குக்கர் விசில் வருகிற மாதிரி.

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அவன் சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். இடது கையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். கை முழங்கை வரைக்கும் வீங்கி, விரல் கறுத்துவிட்டது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான்.

“விரியன்னு போட்டிருந்தியே ணா, பாத்தேன். அதான் கெளம்பலாம்னு எழுந்தேன், தல சுத்துது.”

“ஏண்டா பாவி, கடிச்சதும் ஓட வேணாமாடா!” என்று கத்தினேன். அப்போதும் நான் அவனைப் பார்த்துத்தான் கத்தினேன்.

பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடித்ததும் போயிருந்தாலும் அதே பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். கண்ணாடிக் குழாயில் அவன் ரத்தத்தைப் பிடித்து வைத்தார்கள். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. அதற்கு முன்பே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் டாக்டரிடம் போனை நீட்டி, “இதுதாங்க பாம்பு, கண்ணாடி விரியன்” என்றேன்.

அந்த அம்மா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எந்தப் பாம்பா இருந்தாலும் நாங்க போடறது ஒரே மருந்துதாங்க. படத்துக்காகவா இவ்ளோ நேரம் உக்காந்திருந்தாரு?”

இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரியும். ஒரு நாளும் குரூப்பில் எழுதியதில்லை. என்ன பாம்பென்று தெரியாமலே வைத்தியம் பார்க்கலாம் என்றால் என்னை யார் தேடுவார்கள்?

சரசு மதியம் வந்து சேர்ந்தாள். நந்தினி பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தது. மூச்சிரைக்க வந்த சரசு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா இவர யாருணா இங்க கூட்டினு வந்திருப்பாங்க?” என்று அழுதாள். ‘நான்தான் கிட்டே போகச் சொன்னேன்’ என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் பிழைத்து எழுந்திருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். தினமும் காலையில் அதையே சொல்லிக்கொண்டேன். அவன் பிழைத்தால் சொல்லிவிடுவது. அண்ணாமலையாரே, அவனைப் பிழைக்க வை.

மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுவிட்டது. டயாலிசிஸ் போட்டார்கள். முகமெல்லாம் ஊதிக் கண் சிறுத்துவிட்டது. நான் தினமும் போய் உட்கார்ந்தேன், இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். அதைக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். நான்காம் நாள் குமரேசன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

“என் பேரு போட்டியே ணா” என்றான். வீங்கின முகத்தில் சிரிப்பு எது, வலி எது என்று தெரியவில்லை. “எத்தினி பேரு லைக் போட்டாங்க?”

“நூத்துக்கு மேலடா.”

“வாத்தியாரு கூட போட்டாராமே.”

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குரூப்பில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ‘முருகவேல் சார் கடையை விட்டு ஓடிப்போய் உயிரைக் காப்பாற்றினார்’ என்று எவரோ எழுதப்போக, எனக்குக் கைதட்டல். அதையும் நான் மறுக்கவில்லை. அந்தப் படம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. நந்தினிக்கே அவள் வகுப்புத் தோழி ஒருத்தி ‘செம அழகு’ என்று அனுப்பியிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் காலை குமரேசன் போய்விட்டான். நான் அப்போது கடையில் ஒரு கிழவிக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் சரசு அழவில்லை. “வந்துடுங்கணா, எடுத்துனு போவணும்” என்றாள். அவ்வளவுதான். நானும் தோள் கொடுத்தேன். அந்தச் சுமையைத் தூக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

காரியம் முடிந்த மறுநாள் மதியம் நான் மட்டும் அடி அண்ணாமலைக்குப் போனேன். ரேவதியிடம்கூடச் சொல்லவில்லை. சரசு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“சரசு, அவன் தானா கிட்ட போகலைம்மா. நாந்தான் போகச் சொன்னேன். தலை தெரியல, கிட்ட போய் எடுன்னு நாந்தான்மா சொன்னேன்.”

அவள் மொச்சையை உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள். “அவரு போனு என்கிட்டதான இருக்குது. ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே கேட்டுட்டேன். அவருகிட்டயும் கேட்டேன். ‘கிட்ட போனது நானு, பைப்ப நவுத்தனது நானு. அண்ணன ஒரு வார்த்தை கேக்காத, மனசு ஒடஞ்சிடுவாரு’ன்னாரு. சத்தியம் வாங்கினாரு. அதான் கேக்கல.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒம்போது நாளு ஆஸ்பத்திரில எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. அதுக்கப்புறம் பதினாறு நாளு. இன்னிக்கு சொல்லுவீங்க, நாளைக்கு சொல்லுவீங்கன்னு பாத்துனே இருந்தேன்.”

“மன்னிச்சிடுமா” என்றேன்.

“அத என்கிட்ட சொல்லி இன்னாணா பிரயோஜனம்?” முறத்தைக் கீழே வைத்தாள். “அந்தப் படம் இன்னும் ஊரு சுத்தினுதான இருக்குது? என் பொண்ணு போனுக்கே வந்துச்சே! நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி எடுக்கறேன்னு கிட்ட போனா? எழுதுங்க. அவரு எப்டி செத்தாருன்னு எழுதுங்க. யாரு போகச் சொன்னாங்கன்னும் எழுதுங்க. இப்பவே, என் எதிர்லயே எழுதுங்க.”

போனை எடுத்தேன். எழுதினேன். குமரேசன் அனுப்பிய முதல் படத்திலேயே விரியனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதையும், என் பெயர் கெடக்கூடாது என்பதற்காகக் கிட்டே போய் இன்னொரு படம் எடுக்கச் சொன்னதையும் எழுதினேன். கடித்த பிறகு அவன் என் பதிலுக்காக உட்கார்ந்திருந்ததை, நான் போனைக் கட் பண்ணியதை, எந்தப் பாம்பு கடித்தாலும் மருந்து ஒன்றுதான், படம் தேவையில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது தெரிந்தும் சொல்லாததை, எல்லாவற்றையும் எழுதினேன்.

“படிங்க” என்றாள் சரசு. “உங்க வாயாலயே படிங்க.”

படித்தேன். உள்ளே கதவோரம் நந்தினி வந்து நிற்பதைப் பார்த்தேன். முடித்துவிட்டு அனுப்பப் போனேன்.

“இருங்க” என்றாள். “முழுசும் எழுதலியே.”

“எல்லாம் எழுதிட்டேன்மா.”

“திட்டினத எழுதலியே.”

உங்களிடமும் அதைச் சொல்லாமல்தான் இதுவரைக்கும் வந்துவிட்டேன். அந்தக் குரல் பதிவில் ஒழுங்காகப் படம் எடு என்று மட்டும் நான் சொல்லவில்லை. கடையில் பத்துப் பேர் எதிரில், அவர்கள் சிரிக்கட்டும் என்று சத்தமாகவே பேசினேன். சரசு அதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

“‘இன்னாடா படம் இது, பயந்தாங்கொள்ளிப் பயலே? ரெண்டு வருஷமா இதே கதை. பொட்டச்சி கூட உன்னவிட தைரியமா எடுப்பா. பயமா இருந்தா குரூப்ப விட்டுப் போடா’ன்னு சொன்னீங்களே. பின்னாடி ஜனங்க சிரிக்கிறது கேக்குது. அதக் கேட்டுட்டுத்தான அவரு பைப்ப நவுத்தனாரு. எழுதுங்க.”

எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையையும் அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். அனுப்பினேன்.

சரசு என் கையிலிருந்து போனை வாங்கி, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். “போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”